ஐப்பசி ஒன்று, பதினெட்டாம் தேதி

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்குத்தான் பஸ் கிடைத்தது. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் கைப்பேசியைக் காலையிலேயே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மாலையில்தான் அது கைக்கு வரும். உட்கார இடம் கிடைத்ததும் எடுத்துப் பார்த்தேன். வங்கியிலிருந்து நான்கு செய்திகள் வந்திருந்தன.

காலை 10.32க்கு முதலாவது. மருத்துவக் காப்பீட்டுத் தவணை 2,840 ரூபாய், கணக்கில் போதிய இருப்பு இல்லாததால் திரும்பிவிட்டது. 10.33க்கு இரண்டாவது. திரும்பியதற்கான கட்டணம் வரியோடு 590 ரூபாய் எடுக்கப்பட்டது. மாலை 4.05க்கு மூன்றாவது. அதே தவணை மறுபடியும் கேட்கப்பட்டு மறுபடியும் திரும்பியது. 4.06க்கு நான்காவது. மறுபடியும் 590.

கணக்கில் இருந்தது 2,001 ரூபாய். இனி 821.

திரும்பிய தவணை என் கணவருடையது. அவர் கல்யாணத்துக்கும் சத்யை விருந்துக்கும் பாத்திரம் வாடகைக்குக் கொடுப்பவர். வார்ப்பும் உருளியும் அண்டாவுமாக முப்பது வருஷம் தூக்கியதில் அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு புடைப்பு வந்துவிட்டது. குடலிறக்கம். படுத்துக்கொண்டு கையால் மெல்ல அழுத்தினால் உள்ளே போய்விடும். எழுந்து நாலு வேலை செய்தால் வெளியே வரும். அறுவைச் சிகிச்சைக்கு ஒன்றேகால் லட்சம் ஆகும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். காப்பீட்டில் இந்த நோய்க்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. மாதாமாதம் தவணை கட்டி அந்த இரண்டு வருஷத்தையும் கடந்து, காத்திருப்பு புரட்டாசியோடு முடிந்திருந்தது. நவம்பர் ஐந்தாம் தேதிக்கு அறுவைச் சிகிச்சை குறித்தாகிவிட்டது. இந்த நிலையில் ஒரு தவணை தவறிப் பதினைந்து நாளுக்குள் கட்டாமல் போனால் பாலிசி ரத்து. புதிதாக எடுத்தால் காத்திருப்பும் முதலிலிருந்து. இன்னும் இரண்டு வருஷம் அந்தப் புடைப்பு காத்திருக்காது என்பதை மருத்துவர் வேறு மாதிரியாகச் சொல்லியிருந்தார்: "ஒருநாள் அது உள்ளே போகாம நின்னுடும். அன்னிக்கு யோசிக்காதீங்க. அப்படியே வண்டியில ஏறி வந்துடுங்க."

ஸ்ரீவராகத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது பதினைந்து நாள் எங்கே முடிகிறது என்று விரல் விட்டு எண்ணினேன். நவம்பர் ஒன்று. சனிக்கிழமை.

எப்படி நேர்ந்தது என்பதுதான் முதலில் பிடிபடவில்லை. எனக்கு மூன்று கணக்குகள் உண்டு. பணம் மிகுதி என்பதால் அல்ல, ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பதால். சம்பளத்துக்கு ஒன்று, வீட்டு வரி முதலான வருஷச் செலவுகளுக்கு ஒன்று, மாடி வாடகைக்கு ஒன்று. மாடி வாடகை 9,500. அது வந்ததும் காப்பீட்டுத் தவணை போகும். மீதியை அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, குறைந்தபட்ச இருப்பு இரண்டாயிரமும், மொட்டையாக இருக்க வேண்டாமே என்று ஒரு ரூபாயும் விட்டுவைப்பேன். இந்த ஏற்பாட்டை நான் இந்த வருஷம்தான் செய்தேன். அதற்கு முன்பு தவணை சம்பளக் கணக்கிலிருந்து எந்தச் சிக்கலும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்குத்தான் அது ஒழுங்கில்லாமல் தோன்றியது.

மாடியில் குடியிருப்பவர் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருப்பவர். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு மாதம் என்றால் மலையாள மாதம். ஒன்றாந்தேதி தொழ வருகிற கூட்டம்தான் அவருடைய பெரிய வியாபாரம். அன்று விடியுமுன் கடைக்குப் புறப்படும் போது, அந்த மாதத்தில் தன் கையிலிருந்து முதலில் போகும் பணம் வாடகையாக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் நியதி. காலை நான்கு மணிக்கு என் கணக்கில் பணம் விழும். ஒரு மாதமும் தவறியதில்லை.

தவணைத் தேதி பதினேழு. அதை மாற்ற நிறுவனம் சம்மதிக்கவில்லை. அதனால் கணக்கை மாற்றுவதற்கு முன் சென்ற வருஷத்து டயரியைப் புரட்டி, பன்னிரண்டு ஒன்றாந்தேதிகளும் ஆங்கிலத் தேதியில் எப்போது வந்தன என்று ஒரு தாளில் எழுதினேன். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு. மிகவும் தாமதமானது பதினேழு. அதுவும் விடியற்காலை நான்கு மணி. வங்கி தவணையை எடுப்பதோ பத்தரைக்கு. அடிக்கோடிட்டு வைத்தேன்.

அன்று வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றியதும் சமையலறைச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். ஐப்பசி ஒன்று, இங்கே மலையாளக் கணக்கில் துலாம் ஒன்று, மறுநாள்தான் வந்தது. பதினெட்டு. சென்ற வருஷம் பதினேழு. இந்த வருஷம் பதினெட்டு. மலையாள மாதம் சிலது இருபத்தொன்பது நாள், சிலது முப்பத்திரண்டு என்று சிறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். அது வருஷத்துக்கு வருஷம் ஒருநாள் முன்பின்னாக நகரும் என்பதும் தெரியும். தெரிந்ததை அந்தத் தாளில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

கணவர் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து ரசீதுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மழை எத்தனை மணிக்குப் பெஞ்சதுன்னு டயரியிலே எழுதறவ நீ," என்றார். "துலாம் ஒண்ணு எப்போன்னு பாக்கலையா?"

"பரிகாசம் பண்ணாதேங்கோ. பாலிசி போயிடும்."

"நாளைக்கு வாடகை வரும். கட்டினாப் போச்சு. இதிலே பயப்பட என்ன இருக்கு."

அவர் சொன்னது சரிதான். ஆனால் அன்று டயரியில் எழுதும்போது என் கையெழுத்து வரிசையில் நிற்கவில்லை.

மறுநாள் காலை 4.02க்கு வாடகை வந்தது. இருப்பு 10,321. ஆறு மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் தவணையைக் கட்டப் பார்த்தேன். "உங்கள் தவணை வங்கி வழியாகப் பெறப்படுகிறது, நடவடிக்கையில் உள்ளது" என்ற வரி வந்ததே தவிரக் கட்டுவதற்கு வழி வரவில்லை. உதவி எண்ணை அழைத்தேன். இருபது நிமிஷம் பாட்டு கேட்ட பிறகு சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"பாலிசி சார் பேர்லதானே மேடம் இருக்கு? சார் லைன்ல வரணும்."

கணவர் வாங்கிப் பிறந்த தேதி சொல்லி, தான் தானே என்று நிரூபித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "இருபத்தேழாம் தேதி சிஸ்டம் மறுபடியும் ட்ரை பண்ணும் மேடம். பேலன்ஸ் மட்டும் வெச்சிருங்க," என்றாள் அவள்.

"அதுவும் திரும்பினா?"

"திரும்பாது மேடம். பேலன்ஸ் வெச்சிருங்க."

பத்து மணிக்கு வங்கியில் இருந்தேன். கிழக்கேக்கோட்டைக்குப் பக்கத்தில், நான் இருபத்திரண்டு வருஷமாகப் போய் வரும் கிளைதான். கவுண்டரில் இருந்தது புதிதாக வந்திருந்த இளம்பெண். நான் மலையாளத்தில் ஆரம்பித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டதும் "மேடம் தமிழாணோ?" என்று கேட்டுவிட்டு, மரியாதைக்காகத் தனக்குத் தெரிந்த தமிழுக்கு மாறினாள்.

"ஒரே நாள்ல ஒரே தவணைக்கு ரெண்டு தடவை எப்படி எடுக்கலாம்?" என்று கேட்டேன்.

"கம்பெனி ரெண்டு தடவை கேட்டாங்க இல்லே மேடம்? நம்ம ரெண்டு தடவை திருப்பினோம் இல்லே? ஓரோ தடவைக்கும் சார்ஜ் உண்டு."

"திருப்பி அனுப்ப உங்களுக்கு என்ன செலவு ஆச்சு?"

"அது எனிக்கு அறியில்ல மேடம். சிஸ்டம் எடுக்கறதா. நம்ம கையில ஒண்ணும் இல்ல, கேட்டோ."

"காலையில ஒண்ணு திரும்பின உடனே ஒரு போன் பண்ணியிருந்தா நான் வேற கணக்குலேர்ந்து போட்டிருப்பேனே."

அவள் திரும்பித் தன் பின்னால் காலியாகக் கிடந்த மூன்று நாற்காலிகளைப் பார்த்தாள். "விளிக்கான் ஆள் வேண்டே மேடம்," என்றாள். கூப்பிட ஆள் வேண்டாமா என்று கேட்கிறாள். அதில் கேலி இல்லை. அவள் முகம் காலை பத்து மணிக்கே களைத்திருந்தது.

நான் எழுந்திருக்கப் போனபோது திரையைப் பார்த்துக்கொண்டே, "பின்னே ஒரு காரியம்," என்றாள். "இந்த அக்கவுண்டுல ஆவரேஜ் அஞ்சாயிரம் வேணும். ஜூலை முதல். மேடம் ரெண்டாயிரம் தானே வெச்சிருக்கு. அதுக்கு ஒரு சார்ஜ் வர இருக்கு."

"எவ்வளவு?"

"சிஸ்டம் போட்டாலே தெரியும்."

"எப்போ போடும்?"

"பறையான் பற்றில்ல மேடம், சொல்ல முடியாது. காசு போறலைன்னா அக்கவுண்ட் மைனஸ்ல போகும். அடுத்த தடவை காசு வரும்போ ஆதியம் அதை எடுக்கும்."

அதாவது எவ்வளவு என்று தெரியாத ஒரு தொகை, எப்போது என்று தெரியாத ஒரு நேரத்தில், எல்லாருக்கும் முன்னால் கை நீட்டும். நான் வாடகைக் கணக்கில் இருந்த 10,321 ரூபாயில் ஒரு பைசாவைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தேன். மருத்துவமனைக்கு முன்பணம் கட்டுவதற்காக அதில் ஆறாயிரம் ஒதுக்கியிருந்தேன். அதற்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது.

ஞாயிறு, பிறகு திங்கள் தீபாவளி. வங்கி இல்லை. நான் இருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாளைக்குப் பதினோரு தடவை என்று குறித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் 10,321. ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் நிம்மதி, உடனே அடுத்த கணத்தைப் பற்றிய யோசனை.

தீபாவளி அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த கணவர் வெகுநேரம் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தேன். விட்டத்தைப் பார்த்துப் படுத்து, வலப்பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன, போகலையா?"

"போயிண்டிருக்கு. நீ போய் லேகியம் எடுத்து வை."

நான் போகவில்லை. கதவருகில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிஷம். பிறகு அவர் மூச்சை விட்டார். "போயாச்சு," என்றார். வழக்கமாக ஒரு நிமிஷத்தில் போவது. நான் இதை டயரியில் எழுதினேன் என்று அவருக்குச் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு மாடிக்காரர் ஒரு முழம் பிச்சிப்பூவோடு இறங்கி வந்தார். பூவைக் கொடுத்த பிறகும் நின்றார்.

"மாமி, ஒங்க வீட்டு சாமி சொன்னாவ. என்னாலதான் ஒங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் போச்சாம்லா."

"உங்களால இல்லை. காலண்டரைப் பாக்காதது நான்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா முந்துன நாளே போட்டிருப்பேம்லா. ஒண்ணாந்தேதி விடியுமுன்ன மொதல்ல போறது வாடகையா இருக்கணும்னு நமக்கு ஒரு இது. பேங்குக்கு அது தெரியுமா?"

"தெரிஞ்சா அதுக்கும் ஒரு சார்ஜ் போடுவான்," என்றார் என் கணவர் உள்ளேயிருந்து.

மாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்தார். "பாதியாச்சும் எங் கணக்குல இருக்கட்டும் மாமி."

நான் வாங்கவில்லை. அவர் மூன்று தடவை நீட்டினார். மூன்றாவது தடவை எனக்குக் கண் கரித்தது, இவருக்கு முன்னால் வேண்டாம் என்று பூவை வைக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன். இருபத்திரண்டு வருஷம் போய் வந்த வங்கிக்கு இப்படி ஒரு யோசனை தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வங்கிக்கு எதற்குத் தோன்ற வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தேகாலுக்கு, பால் காயும்போது, செய்தி வந்தது. குறைந்தபட்ச சராசரி இருப்பு இல்லாததற்கு மூன்று மாதக் கட்டணம் வரியோடு 2,124. இருப்பு 8,197.

காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். 590, 590, 2,124. மொத்தம் 3,304. நான் கட்டத் தவறியது 2,840. தவறியதற்குக் கொடுத்தது அதைவிட அதிகம். தவணை இன்னும் கட்டியபாடில்லை.

புதன்கிழமை இரண்டு மணிநேரம் அனுமதி கேட்டு மறுபடியும் வங்கிக்குப் போனேன். முந்தின இரவு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, தேதி வாரியாக எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, பிரதி எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பெண் பொறுமையாகப் படித்தாள்.

"அஞ்சாயிரம்னு ஜூலையில மாத்தினதை எனக்கு யாரும் சொல்லலை," என்றேன்.

"நோட்டீஸ் போர்டுல உண்டு மேடம்."

போய்ப் பார்த்தேன். அறிவிப்புப் பலகை குடிநீர்க் கேனுக்குப் பின்னால் இருந்தது. கேனை அரையடி நகர்த்தினால்தான் கீழ்ப் பாதி தெரியும். நகர்த்தினேன். இருந்தது, சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு மூலையில் ஈரம் பட்டு மை கரைந்து. வார்த்தைக்கு வார்த்தை நோட்டில் எழுதிக்கொண்டேன். தண்ணீர் குடிக்க வந்த ஒருவர், "எந்தா சேச்சி, பரீட்சைக்குப் படிக்கறதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவள் குரல் சற்று இறங்கியிருந்தது.

"மேடம், இருபத்தேழாந்தேதி எடுக்கும்னு கம்பெனி பறஞ்சோ?"

"ஆமா. அதுக்காகத்தான் பணத்தைத் தொடாம வெச்சிருக்கேன்."

"ரெண்டு தடவை திரும்பினதால, தவணை எடுக்கற இந்த உத்தரவை சிஸ்டம் சஸ்பெண்ட் பண்ணியிருக்கு. இனி கம்பெனி கேட்டாலும் காசு போகில்ல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்த பிறகும் மறுபடி கேட்டேன். அவள் மறுபடி சொன்னாள். கணக்கில் எட்டாயிரம் இருந்தாலும் எண்பதாயிரம் இருந்தாலும் இருபத்தேழாம் தேதி அது திரும்பும். அதற்கும் ஒரு 590 உண்டு. உத்தரவைப் புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்தால் குறைந்தது பத்து வேலை நாள் ஆகும். நான் ஐந்து நாளாக ஒரு பூட்டிய கதவுக்கு வெளியே காவல் இருந்திருக்கிறேன். அன்று தற்செயலாக வங்கிக்கு வராமல் இருந்திருந்தால் நவம்பர் ஒன்று வரை அங்கேயே நின்றிருப்பேன்.

கடிதத்தை வாங்கி முத்திரை போட்டுப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் மேனேஜருக்குக் கொடுக்கறேன் மேடம். ஒரு சார்ஜாவது திருப்பித் தர நோக்கறேன்," என்றாள். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரை அருகில் உட்காரவைத்துக்கொண்டு உதவி எண்ணை அழைத்தேன். இந்தத் தடவை ஓர் ஆண்குரல். கணவர் மறுபடியும் பிறந்த தேதி சொன்னார்.

"மேடம், பேங்க் வழியா வரலைன்னா கட்டறதுக்கு நாங்க லிங்க் அனுப்பியிருக்கோமே. பதினேழாம் தேதி ஒண்ணு, இருபதாம் தேதி ஒண்ணு. சாரோட நம்பருக்குப் போயிருக்கு. டெலிவர்டுன்னு காட்டுது."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தன் கைப்பேசியை எடுத்துத் திருப்பிப் பின்புறத்தைக் காட்டினார். அதில் என் கையெழுத்தில், ஒட்டு நாடாவின் கீழ், ஒரு சீட்டு: "எந்த லிங்க்கையும் தொடக் கூடாது. உடனே அழிக்கவும்." அடுத்த தெருவில் ஒருவர் இப்படி ஒன்றைத் தொட்டு முப்பதாயிரம் இழந்தபோது நான் ஒட்டியது.

"ரெண்டு வந்தது," என்றார். "ரெண்டையும் அழிச்சேனாக்கும். தீபாவளி அன்னிக்குக் கூட விடலையே திருட்டுப் பசங்கன்னு நெனச்சேன். உன்கிட்டே சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லலை."

அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. நான் சொன்னபடி நடந்துகொண்டதன் பெருமை.

"அந்த லிங்க்கை இப்போ அனுப்ப முடியுமா?" என்று குரலைக் கேட்டேன்.

"மூணு நாளைக்கு ஒரு தடவை சிஸ்டமே அனுப்பும் மேடம். நாளைக்கு வரும். இருபத்து நாலு மணிநேரம் இருக்கும்."

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"நாளைக்கு உள்ள வரும் மேடம்."

மறுநாள் விடுப்பு எடுத்தேன். ஆறு மணியிலிருந்து கைப்பேசி சாப்பாட்டு மேஜையின் நடுவில், மின்னூட்டத்தில், கிடந்தது. நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எட்டரைக்கு ஒன்று வந்தது. பல்லுக்குக் கிளிப் போட முப்பது சதவீதத் தள்ளுபடி. பத்துக்கு ஒன்று, மின் கட்டணம் கட்டவில்லை, இன்றே துண்டிக்கப்படும் என்று. அது மோசடி. மின் கட்டண ரசீது என் கோப்பில் இருக்கிறது. கணவர் விரலை அதன்மேல் கொண்டுபோய், "இதை அழிக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"ஒண்ணையும் அழிக்க வேண்டாம்."

"சட்டம் மாறினா நோட்டீஸ் போர்டுலே போடணும்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

மதியம் ஒருத்தர் கல்யாணத்துக்கு நாலு வார்ப்பு கேட்டு வந்தார். கணவர் ஆளை வரச்சொல்லிக் காத்திருக்காமல் ஒன்றைத் தானே இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தார். சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது கதவைப் பிடித்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. படுக்கவைத்தேன். நிமிஷங்களை எண்ணினேன். ஒன்பது தாண்டியது. பன்னிரண்டு. அந்த நேரத்தில் பாலிசி நிற்கிறதா விழுந்துவிட்டதா என்று யாரிடம் கேட்பது, கேட்டால் யார் சொல்வார்கள் என்று மட்டும்தான் எனக்குள் ஓடியது. அவரைப் பற்றி அல்ல. அதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அது நடந்தது. பதினான்காவது நிமிஷம் உள்ளே போயிற்று.

3.20க்கு லிங்க் வந்தது. நிறுவனத்தின் பெயர் பாதிதான் இருந்தது. மீதி, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வால். மோசடி என்று நான் கற்பித்த எல்லா அடையாளங்களும் அதில் இருந்தன. விரலை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

"தொடு," என்றார் கணவர்.

"இது அவாளோடதுதான்னு யார் சொல்றா?"

நிறுவனத்தின் அலுவலகம் ஸ்டாச்சு ஜங்ஷனில் இருந்தது. நாலரைக்கு மூடிவிடுவார்கள். அவரை வீட்டில் இருக்கச் சொன்னேன். பாலிசி தன் பெயரில் இருக்கிறது, பிறந்த தேதி கேட்டால் யார் சொல்வது என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டார். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் உள்ளே நுழையும்போது மணி 4.12.

கவுண்டரில் இருந்தவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நம்முடேது தன்னே," என்றார். நான் அவரையே தொடச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுத் தொட்டார். பாலிசி எண், கணவரின் பெயர், 2,840. வாடகைக் கணக்கிலிருந்து கட்டினேன். வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பச்சை நிறம் வந்தது. லிங்க்கை அனுப்பியவர் பெயரை எழுத்து எழுத்தாக நோட்டில் குறித்துக்கொண்டு, ரசீதை அச்சிட்டுத் தரச் சொன்னேன். பாலிசி இடைவெளியின்றித் தொடர்கிறது என்பதையும், இருபத்தேழாம் தேதி வங்கியிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் அதிலேயே எழுதி முத்திரை போடச் சொன்னேன். "அது வேண்டா சேச்சி," என்றார். வேண்டும் என்றேன். போட்டார்.

இருப்பு 5,357. ஐந்தாயிரத்துக்கு மேல். அதைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த வாரம் வங்கியிலிருந்து 590 ரூபாய் திரும்ப வந்தது. "ஒரு முறை மட்டும் அளிக்கப்படும் சலுகை" என்று செய்தி. மீதி 2,714க்கு மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். உங்கள் புகார் பெறப்பட்டது என்று பதில் வந்தது, அவ்வளவுதான். அடுத்த காலாண்டில் ஐந்தாயிரம் வேறு ஏதாவது ஆகாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாதம் ஒரு தடவை போய்க் கேனை நகர்த்திப் பார்ப்பதாக இருக்கிறேன். தவணையைச் சம்பளக் கணக்குக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். மாடிக்காரரிடம் தேதியை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் ஐந்தாம் தேதி அறுவைச் சிகிச்சை முடிந்தது. ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கட்டணத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் இறுதி ஒப்புதல் வர வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. நான் பையை மூன்று தடவை அடுக்கினேன். கணவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த அவருடைய கைப்பேசி சத்தம் போட்டது. கண்ணைத் திறக்காமலே அதை இரண்டு விரலால் எடுத்து, சூடான பாத்திரத்தைப் போல என் பக்கம் நீட்டினார்.

"லிங்க்கோ என்னமோ. நான் தொடலை."

வாங்கி அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். நோட்டை எடுத்து, ஸ்டாச்சுவில் எழுதிக்கொண்ட எழுத்துகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பிறகு திறந்தேன். மருத்துவமனைக் கட்டணம் ஒப்புக்கொள்ளப்பட்டது என்று இருந்தது.

"இப்போ எதுக்குப் பணம் பிடிச்சா?" என்றார் அவர்.

"ஒண்ணும் பிடிக்கலை. அவாளே கட்டறாளாம்."

"நன்னா வாசிச்சியோ?"

வாசித்திருந்தேன், இரண்டு தடவை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவை, அவருக்குக் கேட்கும்படியாக, மெல்ல வாசித்தேன்.